மூக்கைப் பொத்தும் விளம்பரம்

அன்புள்ள ஜோவிதா,

மாதா புண்ணியத்தில் பஹ்ரைனில் நலம். உன் முட்டிவலி எப்படி? இங்கே வலை இழுத்ததில் என் விரல் லேசாகக் கிழிந்தது, ஆறிவிட்டது.

மீன்கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வராதே, நாறுகிறது என்று உன்னிடம் சொன்னாளாமே நம் ரெனிஷா! நேற்று போனில் அதட்டினேன்.

"டிவியில சோப்பு விளம்பரத்துல மீன்காரம்மா வந்தா எல்லாரும் மூக்கப் பொத்துறாங்கப்பா. அந்த சோப்ப ஸ்கூல்லயும் சும்மா குடுத்தாங்க" என்கிறாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை! பெற்றவளைப் பார்த்து மூக்கைப் பொத்த சோப்பு விற்கிறவனா கற்றுக்கொடுப்பது? நம் ஊர் கருக்களாச்சேரிப் பிள்ளைகளிடம் அவனை விட்டது யார்? கடிதம் கிடைத்ததும் பள்ளிக்கூடத்தில் போய்க் கேள்.

நம் தெரு மார்ட்டின் லீவு முடிந்து இங்கே திரும்பும்போது அவனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. அந்த வாசமில்லாமல் இங்கே சோறு இறங்கவில்லை. பொட்டலத்தை ரெனிஷாவே கட்டட்டும். கட்ட இரண்டு கையும் வேண்டும். மூக்கைப் பொத்த முடியாது.

படகு கிளம்புகிறது.

அடைக்கலராஜ்