கால் முறிவு என்ற பொய்

அக்கா,

மழைக்காலத்தில் இடுப்பு லேசாக வலிக்கத் தொடங்கிவிடுகிறது. இன்று காலை கோடாலித் தைலத்தைத் திறந்ததும் அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்ததில் நீங்கள் எனக்குத் தந்த பாட்டில் இது.

மூன்று வருஷம் ஆகிறது. சுனாமிக்கு முந்திய மழைக்காலம். மரக்காணம் உப்பளத்தருகே ஷேர் ஆட்டோ கவிழ்ந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் நீங்கள். கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உங்களுக்கும் அதே முறிவு. உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்தபடியே பழகினோம்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா "கால் முறிவு" என்றே சொன்னாள். இடுப்பு என்று தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற பயம் அவளுக்கு. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நம்பித்தான் அத்தை, "காலுதானேடி, ஒக்காந்து நாலு வாய் சாப்புடு" என்று கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். வலியில் உயிர் போனது. அப்போதும் கத்த எனக்குக் கூச்சம்.

நீங்கள்தான் கத்தினீர்கள். "ஏம்மா, வுடு அவள! ஒடஞ்சது இடுப்பு. தூக்கினா எலும்பு நவுந்துடும்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "இப்படியாம்மா ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவ? எம்பொண்ணு வாழ்க்க போச்சே" என்று அம்மா அழுதாள்.

மறுநாள் டாக்டர் வந்ததும் விட்டீர்களா? "சார், இந்த பி.ஏ. பொண்ணு கேக்க வெக்கப்படுது. நாளைக்கு இதுக்குப் புள்ள பொறக்குமா?"

"தாராளமா. எலும்பு நல்லா சேந்துட்டிருக்கு, நடப்பாங்க. பிரசவத்தப்ப மட்டும் இந்த அடியப் பத்திச் சொல்லணும்."

"கேட்டியாம்மா? சொல்லணுமாம்" என்று என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

எனக்கு முன்பே நடந்து வீட்டுக்குப் போனவர் நீங்கள். போன வருஷம் மாரடைப்பு வந்து இறந்துவிட்டதாக உங்கள் தங்கை ஃபோனில் சொன்னபோது நம்பவே முடியவில்லை.

இன்று மதியம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "கால்ல சின்ன அடி பட்டுச்சு" என்று அம்மா ஆரம்பித்தாள். நான் காபித் தட்டைக் கீழே வைத்தேன்.

"கால் இல்லீங்க, இடுப்பு. ஒடஞ்சி சேந்துடுச்சி. புள்ள பெத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தார். பிறகு, "அப்ப ஏம்மா நின்னுகினே இருக்க? வா, ஒக்காரு" என்று பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

அவர்கள் இன்னும் பதில் சொல்லி அனுப்பவில்லை. வேண்டாம் என்றும் சொல்லலாம். யார் வந்தாலும் இனி நானே சொல்லிக்கொள்வேன், அக்கா.