மல்லாட்டைத் தோல் பொறுக்க வந்தவள்

இன்று காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று வந்து நின்றது. எந்தச் சாக்கோ கிழிந்திருக்க வேண்டும், காய்ந்த கடலைத்தோலின் தூசு மூக்கில் ஏறியது. ஒரு தும்மல். பின்னாலேயே நீ வந்துவிட்டாய். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அந்தத் தூசோடுதானே மல்லாட்டை உடைக்கிற மில்லில் நம் பொழுது போனது. மெஷினில் காய் கொட்டுவது என் வேலை. வெளியே வருகிற பருப்பைப் புடைப்பது உன் வேலை. நாள் முழுக்க எதிரெதிரே நின்றும் நமக்குள் பேச்சில்லை. உன் ஆடு என் முருங்கைக் கன்றை மேய்ந்தது, நான் ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டேன். தெருவே வேடிக்கை பார்க்கத் திட்டிக்கொண்டோம். அதோடு சரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் மெஷினில் காய் சிக்கிக்கொண்டது. தள்ளிவிட வைத்திருந்த கோல் எப்போதோ உடைந்துபோயிருந்தது. கையால் தள்ளினேன். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மெஷினை நிறுத்தியது யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் அண்ணன் நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீசில் மனுப் போட்டான். முதலாளியிடமிருந்து வந்த பதிலை அவன்தான் படித்துக் காட்டினான். "இந்தப் பெண் எங்கள் மில்லில் வேலை செய்தவரே அல்ல. அடுப்பெரிக்கத் தோல் பொறுக்க வந்தவர், தாமாகவே மெஷினில் கையை விட்டுக்கொண்டார்." விரல் போனதைவிட அந்தப் பதில்தான் வலித்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான் நின்ற இடம் அது.

பெண்களின் பேரை மில்லில் எங்கேயும் எழுதியதில்லை. சாட்சி சொன்னால்தான் உண்டு. என்னோடு ஒரே தூக்கில் சோறு தின்றவளிடம் போய்க் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஆசையா? நாளிக்கே என்ன நிறுத்திட்டாங்கன்னா எம் புள்ளைங்க இன்னா பண்ணும்?" என்று அழுதாள். அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. உன் வாசலைத் தாண்டித்தான் வீடு திரும்பினேன். உன்னைக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

அப்போது எதற்கும் வேலூர்தான் போக வேண்டும். விசாரணை நாளில் எங்கள் பஸ்ஸில் முன்சீட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். ஏதோ உன் வேலையாய்ப் போகிறாய் என்று நினைத்தேன். ஆபீசில் அதிகாரி, "சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அண்ணன் இல்லையென்று சொல்ல வாயெடுத்தான். கதவோரத்திலிருந்து, "நான் இருக்கறங்க" என்று உன் குரல் கேட்டது.

முதலாளியின் வக்கீல் விடுவாரா? "நீங்க ரெண்டு பேரும் சிநேகிதம். அதனால பொய் சொல்ல வந்திருக்கீங்க, அப்படித்தானே?" என்றார்.

"சிநேகிதமா? எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க. நாங்க பேசியே ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. இவ மூஞ்சிய பாத்தாலே எனக்கு ஆவாது. ஆனா தெனம் எதிர்ல நின்னு அந்த மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தேன்? அன்னிக்கி கட்டையால பெல்ட்ட தள்ளிவுட்டு மெஷின நிறுத்தனதே நான்தாங்க. தோல் பொறுக்க வந்தவ எதுக்குங்க மெஷின்ல காய் கொட்டப் போறா?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் வந்து நின்றேன். "தோ பாரு, சாட்சி சொன்னதால ராசியாயிட்டோம்னு நெனச்சிக்காத. உம்மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்குது" என்றாய். சொல்லிக்கொண்டே, பஸ்ஸில் ஏறத் தடுமாறிய என்னை முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாய்.

மனுவை ஏற்று உத்தரவு வந்தது. அதில் என்னைத் தொழிலாளி என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை அண்ணனை மறுபடியும் படிக்கச் சொன்னேன். ஆனால் அதற்கு முன்பே, விசாரணை முடிந்த கையோடு, உன்னை மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நீ கீழ்பென்னாத்தூரில் ஓர் அரிசி மில்லுக்கு விடியற்காலை பஸ்ஸில் போக ஆரம்பித்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வந்து நின்றாய். "உம் பொண்ண கூப்புடு. தலை இன்னா இப்படி காக்கா கூடாட்டம் கீது?" என்றாய். என் கையால் பின்ன முடியாது என்று உனக்குத் தெரியும். உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து இரட்டைச்சடை பின்னிவிட்டாய். அன்றிலிருந்துதான் பேச்சு. ராசி என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம், செங்கம் சாலையில் இப்போது நான் இருக்கும் என் பெண் வீட்டுக்கு எதிரே கட்டுகிற விடுதியில் சித்தாள் ஒருத்தி சாரத்திலிருந்து விழுந்துவிட்டாள். அவள் தங்கள் ஆளே இல்லை என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். அவள் கலவைச் சட்டி சுமந்ததைத் தினம் ஜன்னலில் பார்த்தவள் நான். வேங்கிக்கால் தொழிலாளர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். படியேறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் என்னிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ள எதுவுமில்லை, அப்படியும் பயம். கூலியை நம்பிப் பிள்ளைகளை வைத்திருந்த நீ அன்று எப்படி அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாய்? வேலூர் வரைக்கும் உன் பின்னால்தான் இருந்தேன். உன் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

சித்தாளின் வழக்கு இன்னும் முடியவில்லை. மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.