பழைய இரும்புக் கடையில் செய்த கை

786

கள்ளக்குறிச்சி
6-12-1987

அன்பு மகன் வாஜிதுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சோறு தண்ணிக்குக் குறைவில்லாமல், என் முட்டிவலி ஒன்றைத் தவிர வேறு முறையீடு இல்லாமல் இருக்கிறோம். நீ தம்மாமில் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு நோவும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உன் கடிதமும் கலர் போட்டோவும் போன மாதமே கிடைத்தன. போட்டோவை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். என் மகன் ஆபீஸ் உடுப்பில் எப்படி இருக்கிறான் பாருங்கள் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறாள், பால்காரர் மட்டும் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. உன் தங்கச்சி ஜன்னதுல் பிர்தௌசுக்கு இது ஏழாம் மாதம், எலவனாசூர்கோட்டையில் மாமியார் வீட்டில் நன்றாகவே வைத்துக்கொள்கிறார்கள், தை பிறந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். கல்வராயன் மலையில் நல்ல மழை, கோமுகியில் தண்ணீர் நிற்கிறது, நம் கடைக் கூரையிலும் நிற்கிறது, ஓடு மாற்றச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். நீ வெயிலில் தலையை மூடாமல் போகாதே. தண்ணீர் நிறையக் குடி. எனக்கு வாட்ச் வாங்கி அனுப்புவதாக எழுதியிருந்தாய், வேண்டாம், பாங்கு சத்தம் கேட்கிற தூரத்தில் இருப்பவனுக்கு வாட்ச் எதற்கு.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் ஒரு கை. என் கை இல்லை, பயப்படாதே. பாப்பாத்தியை உனக்கு நினைவிருக்கும், பஞ்சாயத்தில் தெருக் கூட்டுகிறவள், வேலை முடிந்த பிறகு தகரம், ஒயர், பாட்டில் என்று பொறுக்கி நம் கடையில் கொண்டுவந்து போடுவாள். நீ சின்ன வயதில் அவள் கூடையில் கையை விட்டுப் பம்பர ஆணி திருடியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். புரட்டாசி வாக்கில் இட ஒதுக்கீடு கேட்டு இந்தப் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்ததை ரேடியோவில் கேட்டிருப்பாய். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை, தியாகதுருகம் ரோட்டில் பாதைக்குக் குறுக்கே மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஊருக்கு ஊர் குடிசை எரிந்தது, உயிரும் போனது. யார் பக்கம் நியாயம் என்று நான் எழுதப் போவதில்லை. படிப்பும் வேலையும் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களும் ஏழைகள், குடிசையைப் பறிகொடுத்தவர்களும் ஏழைகள், வயிறு நிறைந்தவன் எவனும் தெருவுக்கு வரவில்லை என்பது மட்டும் என் கண்ணால் பார்த்தது. குப்பை அள்ளுகிற டிராக்டரும் அந்த வாரம் ஓடவில்லை. சந்தைப் பக்கம் குப்பை ஆள் உயரத்துக்கு ஏறி, ஐந்தாம் நாள் நாற்றம் தாங்காமல், டிராக்டர் வருகிறபோது வரட்டும், கையால் அள்ளிக் குழியில் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அள்ளும்போது உள்ளே கிடந்த உடைந்த சோடா பாட்டில் பாப்பாத்தியின் வலது உள்ளங்கையை ஓரத்துக்கு ஓரம் கிழித்துவிட்டது. இங்கே தையல் போட்டு, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். எதில் கொண்டுபோவது. ரோடு திறந்து போய்ச் சேர்வதற்குள் சீழ் வைத்து, இரண்டு விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. விளக்குமாறு பிடிக்க முடியாதவளுக்கு என்ன வேலை என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது நம் கடையில் உட்கார்ந்து இடது கையால் சாமான் தரம் பிரிக்கிறாள்.

வாஜித், உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். முப்பது வருஷமாகப் பாப்பாத்தி மாதிரி ஆட்கள் வெறுங்கையால் பொறுக்கிவந்ததைத்தான் நான் வாங்கினேன். ஒரு நாளும் அந்தக் கைகளைப் பார்த்ததில்லை, தராசு முள்ளை மட்டும்தான் பார்த்தேன். அவள் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்ற அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மீதி இருக்கிற துப்புரவு ஆட்கள் இருபத்து மூன்று பேரும் கையுறை கேட்டு மனுக் கொடுத்தார்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று பஞ்சாயத்து அதிகாரி திருப்பிவிட்டார். அந்த நாளில்தான் ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர் தனசேகரன் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மூடி, ஒயர், தகரம் வாங்கிப்போய் மயிலும் ரயிலும் செய்கிறவர், உனக்கும் ஒரு வருஷம் படம் சொல்லிக்கொடுத்தவர்தான். மறியலில் உட்கார்ந்ததற்காக அவர் தம்பியைப் பிடித்துப்போய், அப்போதுதான் ஜாமீனில் விட்டிருந்தார்கள், மனுஷன் இளைத்துப்போயிருந்தார். அவர் முன்னால் பாப்பாத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சோடா பாட்டில் சில்லைக் காட்டினாள். எறியவே இல்லை, முடிந்தே வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “என் வெரல துன்னது இது பாய். இத எங்கனா போட்டா இன்னொருத்தி கையக் கிழிக்கும்” என்றாள். மாஸ்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு நம் கடையிலேயே உட்கார்ந்து, கட்டுக்கம்பியால் இடுப்புயரத்துக்கு ஒரு கை பின்னினார், ஐந்து விரலும் விரித்த கை. உள்ளங்கை நடுவில் அந்தச் சில்லைக் கட்டினார். அவனவன் கையை எது கிழித்ததோ அதைக் கொண்டுவாருங்கள், மனுவைப் படிக்காதவர்கள் இதைப் படிக்கட்டும் என்றார்.

கொண்டுவந்தார்கள், வாஜித். பிளேடு, மீன் டப்பா மூடி, துருப்பிடித்த ஆணி, ஊசி, உடைந்த பல்பு. இல்லாததை நினைவு வைத்து, அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்துவந்தார்கள். மாஸ்டர் கட்ட, பாப்பாத்தி எடுத்துக்கொடுக்க, ஒரு மாதம் ஆனது. மாஸ்டர் தெருவில் சிலருக்கு அவர் பாப்பாத்தியோடு சேர்ந்து உட்கார்ந்தது பிடிக்கவில்லை, அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் அம்மாவோ, முஸ்லிம் கடையில் உருவம் செய்யலாமா என்று ஆரம்பித்தாள். கைக்குக் கண்ணும் இல்லை வாயும் இல்லை, உன்னை மாதிரி பேசவும் பேசாது என்றேன். இரண்டு நாள் குழம்பில் உப்பு இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் புத்திக்கு விழுந்த செருப்படி. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், தராசுக்கு இடது பக்கம் தரம் பிரிக்காதது, வலது பக்கம் லாரிக்குப் போவது. மாஸ்டருக்கு அது தெரியாது. ஐப்பசி மழையில் இடது பக்கம் கூரை ஒழுகியது என்று, கையை வலது பக்கம் நகர்த்திச் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார். காலையில், உருக்காலைக்குச் சரக்கு எடுக்கிற கண்ணாயிரம் லாரியோடு வந்து, மழை வலுப்பதற்குள் கிளம்பவேண்டும் என்று பறந்தான். வலது பக்கம் இருந்தால் இரும்பு, முப்பது வருஷத்துக் கண் அப்படித்தான் பார்க்கும். சாக்கோடு நானே தூக்கித் தராசில் வைத்து, கலவை இரும்பு பதினோரு கிலோ என்று நானே கூவி, நானே லாரியில் ஏற்றிவிட்டேன். மாஸ்டர் பள்ளிக்கூடம் விட்டு வந்து கை எங்கே என்றபோதுதான் உறைத்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து எலவனாசூர்கோட்டை வரை போனேன், கண்ணாயிரம் அங்கே பொழுது சாயும் வரை நிறுத்திச் சரக்கு ஏற்றுவான். அன்றைக்கு என்று சீக்கிரம் போய்விட்டான். அங்கிருந்து உருக்காலைக்குப் போன சரக்கு திரும்பி வராது. மழையில் நனைந்து நின்ற என்னைப் பார்த்து உன் தங்கச்சி, பழைய இரும்புக்காகவா இந்த வயதில் ஓடிவந்தீர்கள் என்று திட்டித் துண்டு கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் பாப்பாத்தியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. “குப்பதான பாய், நாளைக்கும் வரும். நீ இன்னாத்துக்குக் கலங்குற” என்றாள். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் இருபத்து மூன்று பேரும் பட்ட காயத்தை எடை போட்டு அனுப்பியிருக்கிறேன், அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவள் சொன்னது போலவே வந்தது. மாஸ்டர் மறுபடியும் கம்பி பின்னினார், இந்தத் தடவை நானும் கூட உட்கார்ந்தேன். முதல் கைக்குச் சாமான் சேர ஒரு மாதம் ஆனது, அதில் எத்தனையோ வருஷத்துக் காயம் இருந்தது. இரண்டாவது கைக்கு எட்டே நாள். அந்த எட்டு நாளில் புதிதாகக் கிழித்ததை மட்டும் கொண்டுவந்தார்கள், ஐந்து விரலும் நிறைந்துவிட்டது. கடைசி நாள் உள்ளங்கை நடுவைத் தவிர, கட்டக் கம்பியில் இடம் இல்லை. மாஸ்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, இதை நாம் செய்யவில்லை பாய், இந்த ஊர் செய்திருக்கிறது என்றார்.

பஞ்சாயத்துக் கூட்டத்தன்று தள்ளுவண்டியில் வைத்து ஆபீஸ் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அதிகாரி வெளியே வந்து, இது கட்சிச் சின்னம், ஊர் இப்போதுதான் அடங்கியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மாஸ்டர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பாப்பாத்தி அவரை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். உள்ளங்கை நடுவில் அவள் சில்லு இருந்த இடத்தில் இரண்டாவது தடவை எதுவும் கட்டவில்லை, அது காலியாகவே இருந்தது. அவள் தன் மூன்று விரல் கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள். கூட்டத்துக்கு வந்திருந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்துக் கையுறை வந்தது. இருபத்து மூன்று பேருக்குப் பன்னிரண்டு ஜோடி. இந்த வருஷம் இவ்வளவுதான் முடியும் என்றார்களாம். சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆளுக்கு ஒரு கை என்று பிரித்துக்கொண்டார்கள். வலது கிடைத்தவர் பன்னிரண்டு பேர், இடது கிடைத்தவர் பதினோரு பேர், ஒன்று இடது மிச்சம். அதைப் பாப்பாத்திக்குக் கொடுத்தார்கள். நல்ல கை அவளுக்கு அதுதானே. போட்டுக்கொண்டு நம் கடையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கை மாதிரி இருக்கிறது பாய் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மற்றக் கைக்கும் கேட்டு மாஸ்டர் அடுத்த மனு எழுதியிருக்கிறார். கம்பிக் கை இன்னும் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறது, எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று கேட்பாய். இந்தத் துருவும் குப்பையும் எனக்கு வேண்டாம்த்தா, கையில் அழுக்குப் படாத வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீ விமானம் ஏறினாய். ஆபீஸ் வேலை என்று எழுதினாய், சந்தோஷப்பட்டோம். அம்மா போட்டோவில் உன் முகத்தைத்தான் பார்க்கிறாள். நான் உனக்குப் பின்னால் தெரிகிற பச்சை வண்டியின் மூலையையும், அதன் பக்கத்தில் குவித்திருக்கிற கறுப்புப் பைகளையும் பார்த்தேன். முப்பது வருஷம் குப்பையில் பிழைத்தவன், அது எந்த நாட்டுக் குப்பையாக இருந்தாலும் எனக்குத் தெரியும், மகனே. அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அதை நீதான் சொல்லவேண்டும், அவள் பாப்பாத்திக்குத் தன் கையால் சோறு ஊட்டியவள், உன்னைக் குறைவாக நினைக்கமாட்டாள். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. ஒளித்துவைத்துக்கொண்டு தனியாகச் சுமந்தாயே என்பதுதான் வருத்தம். வேறு வேலை கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் தலை நிமிர்ந்து இதையே செய். கடையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், முழு உடம்பையும், நல்ல மனிதர்களின் துணையையும் தருவானாக. தொழுகையை விடாதே. அம்மா சலாம் சொல்லச் சொன்னாள். மறக்காமல் ஒன்று செய். அந்தப் போட்டோவில் நீ வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

வஸ்ஸலாம்.

உன் அத்தா,
கா. ஜமால் முகமது