மிளகு பறிச்ச வலி

மாசி மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி.

வீட்டுக்காரருக்குத் தொடை வலி இன்னும் விடலை. சுவத்தைப் பிடிச்சுத்தான் படி இறங்குறார். கேட்டால், "மிளகு பறிச்ச வலி கண்ணு, ஊருல எல்லாருக்கும் இருக்குது" என்கிறார்.

சாயங்காலம் மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போச்சுன்னார். உடனே அவருடைய நெஞ்சு டாக்டருக்குப் போன் போட்டேன்.

"கொழுப்பு மாத்திரையோட புதுசா வேற ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?"

போன வாரம் இருமலுக்குச் சேந்தமங்கலத்தில் வேற டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் பேரைப் படிச்சுக் காட்டினேன்.

"கொழுப்பு மாத்திரை சாப்பிடறதை அங்க சொன்னீங்களா?"

இவரைப் பார்த்தேன். "இருமலுக்குப் போன எடத்துல நெஞ்சுக் கதை எதுக்கு?" என்கிறார். என்ன மனுசனோ!

ரெண்டும் சேர்ந்தால் சிலருக்குச் சதை கரைஞ்சு கிட்னியைக் கெடுக்குமாம். ரெண்டையும் இனி கொடுக்காமல், விடியக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொல்லிட்டார். என் தம்பி வேன் எடுத்துட்டு வாரான்.

"மிளகு வலிக்கு ஆஸ்பத்திரியா?" இப்பவும் முனகுறார். ஒரு வாரமா நானும் அதுக்குத் தலையாட்டிட்டு இருந்திருக்கேன்.

நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதிலிருந்து இவர் மிளகு பறிக்கிற ஏணியைத் தொடவே இல்லை. இந்த வருசம் மிளகு பூராவும் பறிச்சது என் தம்பி.