ராட்டினத்தடியில் இழுத்துக்கொண்ட கை

புதன்சந்தை,
ஐப்பசி 26.

அன்பு மகன் அறிவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எருமை இரண்டும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், அங்கே நீயும் மருமகள் மரிசெல்லும் பேத்தி அபிநயாக் குட்டியும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்கிறோம். அன்றாடம் போனில் முகம் பார்க்கிற மனுசன் எதற்குக் கடிதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே விடுங்கப்பா என்பாய், நானும் விட்டுவிடுவேன். இது விடக்கூடாத விஷயம், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

மழை இந்த வருஷம் பரவாயில்லை, மரவள்ளி இடுப்பளவு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் பண்ணையில் கோழிகள் சரியாக முட்டை வைக்கவில்லை, அறிவு இங்கே இருந்திருந்தால் தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லியிருப்பான் என்று வந்து புலம்பினான். கேட்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. நாடு பூராவுக்கும் முட்டை அனுப்புகிற ஊரில் பிறந்தவன் பிலிப்பைன்ஸ் வரை போய் அந்த ஊர்க் கோழிக்குத் தீவனம் கலக்கிறாயே என்று ராத்திரி சாப்பிட உட்காரும்போதெல்லாம் தோன்றுகிறது. உன் தட்டு இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது, உன் அம்மா அதில் யாருக்கும் சோறு போடுவதில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான், நீ அனுப்பிய தைலத்தை அவளே தேய்த்துத் தீர்த்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ராசிபுரம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய ராட்டினம் சுற்றுகிறது. இரண்டு பேருமே நின்றுவிட்டோம். வைகாசியில் நாங்கள் வந்திருந்தபோது உங்கள் ஊர் மாதா கோயில் பக்கத்துக் காலி இடத்தில் போட்டிருந்தார்களே, பெர்யா என்று ராட்டினமும் கடைகளுமாக ஒரு பொருட்காட்சி, அந்த ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. சாயம் பூசிய கட்டைகளை உருட்டிவிட்டு எந்த நிறம் விழுமோ என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. வாத்து முட்டையைக் குஞ்சோடு அவித்து விற்றார்கள், நம் ஊரில் அப்படி ஒரு முட்டை கடைக்குப் போனால் திருப்பிக் கொண்டுவந்து மூஞ்சியில் எறிவார்கள், அங்கே நீ உறிஞ்சிக் குடிக்கிறாய். உன் அம்மா மக்காச்சோள மணிகளை வைத்து ஆடுகிற எண் விளையாட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பேசின் ஒன்றை ஜெயித்தாள், அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இப்போது அதில்தான் எருமைக்குக் கழுநீர் வைக்கிறாள்.

அன்று காலையில்தான் மரிசெல்லுக்கு இரண்டாவது குழந்தை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் வந்து இரண்டே நாள். வந்த அன்று நீ சொல்லிக்கொடுத்தபடி எனக்குக் கைகூப்பி வணக்கம் வைத்தாள், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ராட்டினத்தடியில் அவள் அப்பா வந்து சேர்ந்ததும் அவர் கையை எடுத்துக் குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். உன் அம்மா கையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏதோ அவர்கள் ஊர்க் கொஞ்சல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று என் வலது கையைப் பிடித்துவிட்டாள். நான் வெடுக்கென்று பிடுங்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மருமகள் மாமனார் கையைப் பிடிப்பதை நான் எங்கே பார்த்தேன் சாமி? உன் அம்மா என் அப்பாவுக்குக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பத்து வருஷம் பதில் சொன்னாள். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் எனக்கு உடம்பே கூசிப்போனது. குனிந்த தலையோடு அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், அப்புறம் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கப் போய்விட்டாள். நீ ராட்டினத்தில் என்னோடு ஏறவில்லை. நானும் அபிநயாவும்தான் ஏறினோம். மேலே போனதும் தூரத்தில் கோழிக் கொட்டகைகளின் விளக்கு வரிசை தெரிந்தது, ஒரு நொடி நம் ஊர் ரோடுதான் என்று மனசு ஏமாந்தது. கீழே மரிசெல் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பதிலுக்கு ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தோம், அவள் என் பக்கம் கை நீட்டவே இல்லை. ஏர்போர்ட்டில்கூட நான்கடி தள்ளி நின்று கைகூப்பினாள். மருமகள் நம் மரியாதையைக் கற்றுக்கொண்டுவிட்டாள் பார் என்று விமானத்தில் உன் அம்மாவிடம் நான் பெருமை பேசினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தூக்கம் வருகிறது என்று நினைத்தேன்.

ராசிபுரத்தில் ராட்டினத்தைப் பார்த்ததும் அந்தக் கதையைத்தான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன், அன்றைக்கு அந்தப் பெண் கையைப் பிடித்து எனக்கு எவ்வளவு வெட்கமாகப் போய்விட்டது என்று. உன் அம்மா நடையை நிறுத்திவிட்டாள். "ஏனுங்க, அந்தப் புள்ள உங்ககிட்ட ஆசீர்வாதமல்லங்க கேட்டுச்சு. தெரிஞ்சேதான் குடுக்க மாட்டேன்னு கைய இழுத்துட்டீங்கன்னு இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அங்கே சின்னவர்கள் பெரியவர்களிடம் வாழ்த்து வாங்குவது அப்படித்தானாம், நம் பிள்ளைகள் காலில் விழுவதுபோல. அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் நீதான் உன் அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கள் கல்யாணத்துக்கு நான் வராததும், இரண்டு வருஷம் உன்னோடு பேசாததும் சொல்லி, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்று எல்லோரும் நினைத்தோம் என்றாள். கரும்புச்சாற்றுக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி, ஊரே பார்க்கத் தலைகுனிந்து நின்று வாழ்த்துக் கேட்டிருக்கிறாள், நான் இல்லையென்று அனுப்பியிருக்கிறேன். அந்தக் கோபமெல்லாம் அபிநயா பிறந்து உன் ஜாடையில் கொட்டாவி விட்ட அன்றே போய்விட்டது அறிவு. போய்விட்டது என்று உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததுதான் என் தப்பு.

தை மாதம் பிரசவம் என்கிறாய். பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விசா கிடைத்தால் உன் அம்மாவை முன்னாலேயே அனுப்புகிறேன், எருமையை நான் பார்த்துக்கொள்கிறேன். மரிசெல்லை ஈரத் தரையில் நடக்க விடாதே, அந்தக் குஞ்சு முட்டையெல்லாம் இப்போது வேண்டாம். நீயும் வேளைக்குச் சாப்பிடு, போனில் கன்னம் ஒட்டித் தெரிகிறது. குழந்தைக்கு உங்களுக்குப் பிடித்த பெயரை வையுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இன்னொரு தாளில் என் வலது கையை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்திருக்கிறேன், உன் அம்மாதான் தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். ஜாக்கி நழுவி வளைந்த சுண்டுவிரல் அப்படியே விழுந்திருக்கிறது, முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை, அழகாக இருக்காது. மடிப்பு விழாமல் அட்டை வைத்து அனுப்புகிறோம். மறக்காமல் அதை மரிசெல்லிடம் கொடு. அவள் நெற்றியில் வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கையை என்னால் பின்னால் இழுத்துக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
சண்முகவேல்