வலை விழாத நாள்

11.02.2025 செவ்வாய்

விடிய பஸ் ஏறி, யாழ்ப்பாணம் கோட்டில் வழக்குக்காகப் பகல் முழுக்க மர வாங்கில் குந்தியிருந்துவிட்டு இப்போதுதான் கரம்பொன் வந்து சேர்ந்தேன். முழங்கால் விண்விண்ணென்று வலிக்கிறது. மூன்றாவது வருடமும் அதே வாங்கு.

நாங்கள் வழக்குப் போட்டிருக்கும் வெளிநாட்டுக் கம்பனியின் சட்டத்தரணி இன்று புதிதாக ஒன்று சொன்னார். சுண்ணாம்புக்கல் தோண்டக் கேட்கும் நிலமும், அதைக் கப்பலில் ஏற்ற இறங்குதுறை கட்டக் கேட்கும் எங்கள் கரையும் யாரும் பாவிக்காதவையாம். அப்படியென்றால் நான் கருவாடு காயப்போடுவது எங்கே, சந்திரனிலா? தோண்டினால் கிணறெல்லாம் உவராகிவிடும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

எங்கள் சட்டத்தரணி பிரியவதனி சின்னப் பிள்ளைதான். ஆனாலும் விடவில்லை. யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்டு, கட்டளையும் வாங்கிவிட்டாள். மார்ச் 12 காலை நீதிமன்ற ஆணையாளர் கரைக்கு வருவார். இனி அவர் கண்ணால் காண்பதில்தான் எல்லாம்.

20.02.2025

சில்வெஸ்ரர் தேத்தண்ணி கேட்கும்போதுகூட "முதலாம் மனுதாரர் அவர்களே" என்கிறார். என்ர மனுசனுக்கு எல்லாம் பகிடி. கையெழுத்து வைத்தவளும் நான், கால் தேய்பவளும் நான்.

02.03.2025 ஞாயிறு

பூசை முடிந்து கோயில் விறாந்தையில் கூட்டம். ஆணையாளர் வரும் நாளில் எல்லா வள்ளமும் கடலில் நிற்க வேண்டும், கரைவலை இழுபட வேண்டும், பெண்கள் பாய் விரித்துக் கருவாடு காயப்போட வேண்டும் என்று முடிவு. வழக்கமாகச் செய்வதுதான். ஆனாலும் நாடகத்துக்கு ஆள் சேர்ப்பது போல இருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்க, றெக்ஷன் கம்பனி வாகனத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். எங்கள் ஊர்ப் பிள்ளை. கம்பனிக்காக வீடு வீடாகப் போய்க் காணியைக் குடுங்கோ என்று கேட்டுத் திரிகிறான். அவனுடைய தாய் ஞானசவுந்தரி மாமி என் பக்கத்தில்தான் இருந்தா. எனக்கே முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அண்டைக்கு நானும் பாயோட வருவன் ஜெயந்தா. அவனும் வந்து பாக்கட்டும்" என்றா மாமி.

11.03.2025

துக்கமணி அடித்தது. ஞானசவுந்தரி மாமி. நெஞ்சுவலி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே முடிந்துவிட்டதாம். அடக்கம் நாளை பின்னேரம்.

நாளை!

ஊரில் ஒரு உயிர் போனால், பெட்டி சேமக்காலைக்குப் போய்ப் புதைபடும்வரை எங்கள் கடலில் வலை விழாது. வள்ளம் இறங்காது, கருவாடுகூட வெயிலுக்கு வராது. யார் போட்ட சட்டமென்று தெரியாது. சண்டைக் காலத்திலும் விட்டதில்லை.

பிரியவதனிக்குப் போன் எடுத்தேன். ஆணையாளர் வரும் நாளை மாற்ற ஏலாதாம். "நாலு வள்ளமாவது இறக்குங்கோ அக்கா, காலமை மட்டும்" என்று கெஞ்சினாள்.

இரவு கோயிலில் அவசரமாகக் கூடிய கூட்டத்தில் இறக்குவோம் என்று சத்தம் போட்டது நான்தான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான்தான். மூன்று வருடம் அலைந்தவள் நான். எங்களை விற்றுத் திரிகிறவனுடைய வீட்டுச் சாவுக்கு ஏன் கரையைப் பறிகொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

சில்வெஸ்ரர் எழும்பி, "செத்த மனுசி ஆரையும் விக்கேல்லை" என்றார். வள்ளம் இறக்குவதில்லை என்று கூட்டம் கலைந்தது.

12.03.2025

ஆணையாளர் ஒன்பது மணிபோல வந்தார். கரையில் ஒரு காகம்கூட இல்லை. வள்ளமெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கம்பனியின் சட்டத்தரணி போனைத் தூக்கிப் படம் படமாக எடுத்தார்.

நான் சாவைச் சொன்னேன், வழக்கத்தைச் சொன்னேன். ஆணையாளர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். "நான் கண்டதைத்தான் எழுதலாம் அம்மா" என்றார்.

பின்னேரம் செத்தவீடு. எங்கள் ஆண்கள்தான் பெட்டி தூக்கினார்கள். றெக்ஷன் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. சேமக்காலைக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் நின்று, கவிழ்ந்து கிடந்த வள்ளங்களைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

நான் அழுதேன். மாமிக்கா கரைக்கா, எனக்கே தெரியாது.

02.04.2025

கோடு. கம்பனிக்காரர் வெறுங்கரைப் படங்களைக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்த சத்தியக்கடதாசிகள் எத்தனை இருந்தாலும், வழக்காடுகிறவர்களே சொல்வது என்று தள்ளிவிடுவார்கள் என்கிறாள் பிரியவதனி. வெளியாள் ஒருவர் சொல்ல வேண்டுமாம். வெளியாளுக்கு எங்கே போவது?

களைத்துவிட்டேன். விட்டுவிடலாமா என்று முதல் தடவையாக யோசித்தேன்.

08.04.2025

றெக்ஷன் வந்தான், தாயின் முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சொல்ல. கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னான்: "அந்தக் கரை எப்பவும் அப்பிடித்தான் வெறிச்செண்டு கிடக்கிறது எண்டு சத்தியக்கடதாசி தரச் சொல்லி கம்பனியில கேக்கினம் அக்கா."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

தேத்தண்ணி கொடுத்தேன். எங்கள் பக்கம் சாட்சி சொல்லும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. செத்தவீட்டுக்குப் போனதற்குக் கூலி கேட்பது போலாகிவிடும்.

06.05.2025

எழுதாமல் படுக்க ஏலாது.

றெக்ஷன் சத்தியக்கடதாசி கொடுத்திருக்கிறான் — பிரியவதனியிடம்! காலையில்தான் எனக்கே சொன்னாள். கோட்டில் அவள் அதை எழுந்து வாசித்தாள். தான் கம்பனியில் வேலை செய்பவன் என்றும், அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் என்றும் எழுதியிருந்தான். பிறகு ஒரு வரி: "அன்று கரை வெறுமையாக இருந்தது என்னுடைய தாய்க்காக."

கம்பனியின் சட்டத்தரணி தண்ணீர் குடித்தார். வழக்கு முடியும்வரை ஒரு கல்லும் தோண்டக்கூடாது என்று தடையுத்தரவு. வென்றுவிட்டோமா என்று கேட்டேன். "இல்லை அக்கா, இன்னும் கிடக்கு" என்றாள் பிரியவதனி. அதே வாங்குதான். ஆனாலும் கிணறு கிடக்கிறது, கரை கிடக்கிறது.

வெளியே வந்து தேடினேன். றெக்ஷன் போய்விட்டிருந்தான்.

14.05.2025

அவனை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம்.

இன்று காலை கரைவலை இழுக்கும்போது அவன் சற்றுத் தள்ளி, கவிழ்த்த வள்ளம் ஒன்றின் பக்கத்தில் நின்றான். வரவும் இல்லை, போகவும் இல்லை. எல்லோரும் கண்டார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. நான் பாய் விரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில்வெஸ்ரர்தான் திரும்பிக் கயிற்றின் நுனியை அவன் பக்கம் எறிந்தார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிடி. வலை பாரமாக் கிடக்கு."