எடுத்து வைத்த ஊசி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ அம்மாவின் கைபேசி எண்ணை மருத்துவ மையத்தில் பதிந்து வைத்தாய். அவர்கள் என்ன ஏது என்று சொல்லாமல் மூன்று முறை குறுஞ்செய்தி அனுப்பினார்கள். உன் அம்மா ஐந்து நாளாக ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருக்கிறாள். போனில் வெறும் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய். பேசினால் நீ அழுவாய், எனக்கும் குரல் உடையும், அதனால் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

முதல் செய்தி வந்தபோது அம்மா பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கைபேசியைப் படித்துச் சொல்வது என் வேலை என்பது உனக்குத் தெரியும். ‘உங்களுக்கான ஊசி எடுத்து வைக்கப்பட்டுள்ளது. விரைவில் வந்து பெற்றுக்கொள்ளவும்.’ இவ்வளவுதான் இருந்தது. இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறவளுக்கு ஊசி என்றால் வேறு என்ன தோன்றும்? மெஷின் ஊசிக்கு நூல்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாளாம், வந்துவிட்டது போல, வீட்டில் இன்னும் அரை டப்பா இருக்கிறது, மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்றாள். ஒரு வாரம் கழித்து அதே செய்தி. மூன்றாவது வந்ததும் எனக்குக் கோபம் வந்து நூல்கடைக்கே போய் இப்படியா மனுஷரை விரட்டுவது என்று கேட்டேன். அவர் முழித்தார். “என் பொண்டாட்டிக்கே நான் மெசேஜ் அனுப்புறதில்ல, உங்களுக்கு எதுக்குண்ணே அனுப்பப்போறேன்?” என்றார். மழுப்புகிறார் என்று நினைத்தேன். என்னைக் கிளப்பிவிட ஒரு பாக்கெட் பதினாறாம் நம்பர் ஊசியைக் கையில் திணித்தார், நானும் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். அனுப்பியது அவர் இல்லையென்றால் பின்னே யார் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அது என் தப்பு, எழுதிவிட்டேன், இதற்கு மேல் அதைக் கிளறாதே.

பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல், உடம்புவலி, மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். இங்கே சேர்த்தபோது நர்ஸம்மா ஃப்ளூ ஊசி போட்டிருக்கிறதா, செய்தி வந்திருக்குமே என்று கேட்டார். கைபேசியை நீட்டினேன். படித்துவிட்டு, “இது அந்த ஊசிதாங்கய்யா” என்றார். ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம், ஆனால் சர்க்கரையும் இளைப்பும் உள்ளவருக்கு நுரையீரல் வரை இவ்வளவு போக வாய்ப்புக் குறைவு என்று டாக்டர் சொன்னார். அந்த ‘வாய்ப்புக் குறைவு’ என்ற இரண்டு வார்த்தையும் ஐந்து நாளாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

மையத்துக்குப் போய்க் கேட்டேன், எண்ணைப் பதிந்தது நீ என்று அங்கேதான் தெரிந்தது. சுருக்கமாக இருந்தால்தான் ஆட்கள் படிக்கிறார்களாம், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சொல்கிறது. நான் பள்ளிக்கூடம் போகாதவன், கிடங்கில் மூட்டை தூக்கி, சாக்கில் அச்சடித்ததைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டியவன். ஒரு சாக்கின் மேல்கூட உள்ளே என்ன, எங்கிருந்து, யாருக்கு என்று இருக்கும், உங்கள் செய்தியில் அதுகூட இல்லையே என்றேன்.

நேற்று அம்மா மாஸ்க்கை விலக்கி, அந்த ஃப்ளூ ஊசியை நான் போட்டுக்கொண்டேனா என்று என்னிடம் கேட்டாள். உனக்குக் கிடைக்காதது எனக்கு எதற்கு என்றேன். “போட்டுக்காம உள்ள வராதீங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்று காலை கதவருகே போனேன், அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது வருடத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, உனக்கே தெரியும். மாஸ்க்குக்குள் அவள் மூச்சை இழுக்கிற சத்தம் வெளியே வரை கேட்கிறது கண்ணு, என்னால் தாங்க முடியவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நோயில்லாமல் இரு. உன் ஊசியைப் போட்டுக்கொள். இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன், ஒன்றையும் விடாதே. செய்தியில் என்ன நோய்க்கு, எந்த இடத்திலிருந்து, யாருக்கு என்று மையம் எழுத வேண்டும். எழுதும்வரை நீ தினமும் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இனி எங்கள் எண்ணை எங்கே கொடுத்தாலும் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும். விடுப்புக் கேட்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ புறப்பட வேண்டும். அம்மா தைத்து முடித்த சீருடைகளை எலக்ட்ரீஷியன் பள்ளியில் சேர்க்க வேண்டும். நான் நூல்கடைக்காரரிடம் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு முன் இந்தக் கடிதத்தை மடித்ததும் நேரே மையத்துக்குப் போய்க் கையை நீட்ட வேண்டும். உன் அம்மா மூச்சு விட வேண்டும், அவள் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அப்பா